தேம்ஸ் பிறக்கும் இடத்தில் தண்ணீரே இல்லை: நாங்கள் போனது சரியான இடம்தானா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் ரெடிங் நகரில் இருக்கிறீர்கள். 8 வயதில் ஒரு பெண், 5 வயதில் ஒரு பையன், இன்னும் ஒரு வயது நிரம்பாத காக்கர் ஸ்பேனியல் நாய். ஆகஸ்ட் விடுமுறையில் ரயிலில் கெம்பிள் வரை போய், அங்கிருந்து எல்லோருமாக நடந்து, தேம்ஸ் ஆறு பிறக்கும் இடத்தைப் பார்க்கப் போனீர்கள். அங்கே ஒரு மரம், ஒரு கல், ஒரு கைகாட்டி, காய்ந்த புல். தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. "ஆறு எங்கே?" என்று பையன் அழுதிருக்கிறான். இடம் தவறிவிட்டதா, மறுபடி போனால் தண்ணீர் இருக்குமா, எந்த மாதம் போவது, நாயை அவிழ்த்து விடலாமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஒன்றுமே இல்லாத ஒரு வயலில் இவ்வளவு பெரிய ஆறு எப்படி ஆரம்பிக்கும்? எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. மற்ற நான்குக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

நான் நிலத்தடி நீர் படித்தவன். 19 ஆண்டுகளாக இந்த நாட்டில் கிணறுகளிலும் போர்வெல்களிலும் நீர்மட்டம் அளப்பதுதான் வேலை. அதனால் தண்ணீரைப் பற்றிச் சொல்வதைத் தைரியமாகச் சொல்வேன். நாயைப் பொறுத்தவரை நான் வளர்ப்பவன், அவ்வளவுதான். எங்கள் வீட்டு மணி 12 வயது லாப்ரடார். அவனோடு நடந்து கற்றது, எங்கள் கால்நடை மருத்துவர் சொன்னது, பொதுவில் கிடைக்கும் அறிவுரை, இவைதான் என் கையிருப்பு. உங்கள் நாய்க்கு ஏதாவது ஆனால் என் பதிலைத் தேடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சரி, இடம். நீங்கள் போனது சரியான இடம்தான். க்ளாஸ்டர்ஷயரில் கோட்ஸ் என்ற சிற்றூரின் எல்லைக்குள், ட்ரூஸ்பரி மீட் என்ற புல்வெளியில் இருக்கிறது அது. வரைபடங்களில் தேம்ஸ் ஹெட் என்று போட்டிருக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 110 மீட்டர் உயரம். அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று கவனித்தீர்களோ என்னவோ. 1857 முதல் 1974 வரை ஆற்றை நிர்வகித்த தேம்ஸ் காப்பாளர் அமைப்பு, இதுதான் தேம்ஸின் தோற்றுவாய் என்று சொல்லி வைத்துவிட்டுப் போன கல். அதற்கு முன்னால் 1958-லிருந்து அதே இடத்தில் ஒரு சிலை படுத்திருந்தது. தாடி வைத்த முதியவர் உருவத்தில் தேம்ஸ் ஆறு; 1854-ல் கிரிஸ்டல் பேலஸுக்காக ரஃபேல் மோன்ட்டி என்ற இத்தாலியச் சிற்பி செய்தது. ஆளில்லாத வயலில் அதைச் சிலர் சேதப்படுத்தியதால், 1974-ல் லெச்லேட் ஊருக்குப் பக்கத்தில் செயின்ட் ஜான்ஸ் லாக் என்ற மதகுக்கு மாற்றிவிட்டார்கள். ஆற்றின் பிறப்பிடத்தில் ஆற்றுத் தாத்தா இல்லை, கீழே படகுகள் போகிற இடத்தில் சாய்ந்து படுத்திருக்கிறார். உங்கள் பையனுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள், பிடிக்கும்.

இப்போது தண்ணீர். இந்த இடம் அடங்கிய காட்ஸ்வோல்ட்ஸ் மலைப்பகுதி முழுக்க ஒருவகைச் சுண்ணாம்புக்கல். மீன் முட்டை போல உருண்டை உருண்டையாகச் சின்னத் துகள்கள் ஒட்டிச் சேர்ந்த கல்; அந்தப் பக்கத்து வீடுகளின் தேன் நிறச் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாறை முழுக்க விரிசல். மழை மேலே விழுந்தால் ஓடாமல் உள்ளே இறங்கிவிடும். இறங்கிய தண்ணீர், நீர் புகாத களிமண் அடுக்கு ஒன்றின் மேல் போய்த் தேங்கும். தேங்கத் தேங்க பாறைக்குள் நீர்மட்டம் ஏறும். ஏறி ஏறி, பள்ளத்தாக்கின் தரை எங்கே தாழ்வாக இருக்கிறதோ அங்கே தரையைத் தொட்டுவிட்டால், தண்ணீர் வெளியே வரும். அதற்குத்தான் ஊற்று என்று பெயர். நிலத்துக்குள் இருக்கும் நீர்மட்டத்தை ஒரு சாய்ந்த பாய் போல நினைத்துக்கொள்ளுங்கள். பாய் உயர்ந்தால் அது தரையை முட்டுகிற இடம் மேட்டுப்பக்கம் நகரும். தாழ்ந்தால் பள்ளத்துப் பக்கம் நகரும். ஆக ஆறு தொடங்கும் இடம் ஒரு புள்ளி இல்லை. அது வருடம் முழுக்கப் பள்ளத்தாக்கில் மேலும் கீழும் நடந்துகொண்டிருக்கும். கல் மட்டும்தான் ஒரே இடத்தில் நிற்கிறது.

ஆகஸ்டில் நீங்கள் போனபோது ஆறு இல்லாமல் போய்விடவில்லை; கீழே இறங்கிப் போயிருந்தது. 2022 வறட்சியில் அது எவ்வளவு தூரம் இறங்கியது தெரியுமா? முதல் தண்ணீரைப் பார்க்க, கல்லிலிருந்து சுமார் 5 மைல் தள்ளி சமர்ஃபோர்ட் கெய்ன்ஸ் என்ற ஊரைத் தாண்டிப் போகவேண்டியிருந்தது. அந்தச் செய்தி அப்போது உலகம் முழுக்கப் போனது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அதன் அளவுதான் அதிர்ச்சி, நகர்வு அதிர்ச்சி இல்லை. கோடையில் கல்லடியில் தண்ணீர் இல்லாதது அங்கே வழக்கம்.

என் அம்மா கரூர்க்காரர். ஒரு ஜூலையில் இங்கே வந்திருந்தபோது ஆசையாகக் கூட்டிப்போனேன். தலைக்காவிரிக்குப் போய் வந்தவர். குளம், படிக்கட்டு, கோயில் என்று ஏதாவது இருக்கும் என்று நினைத்திருக்கிறார். கல்லைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்காடா இவ்வளவு தூரம் நடக்க வெச்சே?" என்றார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. அப்புறம் மரத்தடியில் கிடந்த கூழாங்கற்களைச் செருப்புக் காலால் ஒதுக்கிப் பார்த்துவிட்டு, "தண்ணி கீழதான் இருக்கும். சித்திரையில நாம ஆத்துல ஊத்து தோண்டலையா?" என்றார். நான் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்ததை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். காய்ந்த ஆற்று மணலில் முழங்கை ஆழம் தோண்டி, ஊறி வரும் தண்ணீரைக் குடத்தில் மொண்ட தலைமுறைக்கு இது புதிதே இல்லை. அங்கே மணல், இங்கே சுண்ணாம்புக்கல், ஆழம் வேறு. மற்றபடி சங்கதி ஒன்றுதான்.

கோடையில் ஊற்று கீழே இறங்குவதற்கு வானிலை மட்டும்தான் காரணமா, மனிதரும் காரணமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். மனிதர்கள் இங்கிருந்து தண்ணீர் எடுப்பது நேற்றுத் தொடங்கியதில்லை. 1789-ல் திறந்த தேம்ஸ் செவர்ன் கால்வாய் இந்த வயல்களுக்குப் பக்கத்திலேயே போனது. அதே விரிசல் பாறையில் வெட்டியதால் கால்வாய் ஓட்டைப் பானை மாதிரி ஒழுகியது. ஒழுகியதை ஈடுகட்ட, தேம்ஸ் ஹெட் அருகிலேயே கிணறு தோண்டி, நீராவி எந்திரம் வைத்து இறைத்தார்கள். அதன் மிச்சங்களை இன்றும் அங்கே பார்க்கலாம். இன்றைக்கும் இந்தப் பாறையில் குடிநீருக்காகப் போர்வெல்கள் இருக்கின்றன. நீர் எடுப்பது கோடை நீரோட்டத்தைக் குறைக்கும் என்பது சந்தேகமில்லாத விஷயம். ஒரு குறிப்பிட்ட ஆகஸ்டில் ஒரு குறிப்பிட்ட ஊற்று வற்றியதில் அதன் பங்கு இத்தனை சதவீதம் என்று யாராவது அடித்துச் சொன்னால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். மழைக் குறைவு, வெப்பம், இறைப்பு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன. பிரித்துச் சொல்ல நீண்ட அளவீடும் கணக்கும் வேண்டும்.

உங்கள் பதிவுக்குக் கீழே ஒருவர், உண்மையான தோற்றுவாய் செவன் ஸ்பிரிங்ஸ்தான், உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். அதையும் பார்த்துவிடலாம். செல்ட்டனம் நகருக்குத் தெற்கே, சுமார் 200 மீட்டர் உயரத்தில் அந்த ஊற்றுகள் இருக்கின்றன. அங்கே பிறப்பது சர்ன் என்ற ஆறு. சைரன்செஸ்டர் வழியாக வந்து கிரிக்லேடில் தேம்ஸோடு சேர்கிறது. அதைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டால் தேம்ஸின் நீளத்தில் சுமார் 23 கிலோமீட்டர் கூடும். இப்போதைய கணக்கில் செவர்ன் ஆறு 354, தேம்ஸ் 346 கிலோமீட்டர். 23 கூடினால் நாட்டின் மிக நீளமான ஆறு என்ற பட்டம் கைமாறிவிடும். அதனால்தான் இந்தச் சண்டை ஓயவில்லை. 1937-ல் நாடாளுமன்றத்திலேயே கேள்வியாக வந்தது. செவன் ஸ்பிரிங்ஸில் லத்தீனில் ஒரு கல்வெட்டு வேறு இருக்கிறது, தேம்ஸ் தந்தையே, ஏழு கண்ணுள்ள உன் ஊற்று இதுவே என்கிற பொருளில். கடலிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் ஊற்று எது என்று அளந்தால் செவன் ஸ்பிரிங்ஸ் ஜெயிக்கும். அளவுகோல் விடை சொல்லும், ஆனால் எந்த ஆற்றுக்கு எந்தப் பெயர் என்பதை அளவுகோல் தீர்மானிப்பதில்லை. மக்கள் சர்ன் என்று ஒன்றையும் தேம்ஸ் என்று ஒன்றையும் பல நூறு வருடமாகக் கூப்பிட்டு வருகிறார்கள். நில அளவைத் துறை அதையே ஏற்றுக்கொண்டது. குடும்பத்தோடு போவதற்கு என்றால் என் தீர்ப்பு எளிது. செவன் ஸ்பிரிங்ஸில் தண்ணீர் பெரும்பாலும் இருக்கும், ஆனால் அது இரண்டு பெரிய சாலைகள் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்துப் பள்ளம். காரை நிறுத்தி, எட்டிப் பார்த்து, திரும்பி வருவதுதான் அங்கே நடக்கும். நாயும் குழந்தைகளுமாக நடக்கிற இடம் இல்லை.

எப்போது போவது? கோடை மழையை நம்பிப் போகாதீர்கள். ஜூலையில் எவ்வளவு கொட்டினாலும் புல்லும் மரமும் வெயிலும் அதைக் குடித்துவிடும். பாறைக்குள் இறங்குவது சொற்பம். இலையுதிர் காலத்தில் மண் முதலில் நனைந்து நிறைய வேண்டும். அது நிறைந்த பிறகு, பொதுவாக நவம்பர் தாண்டி, விழும் மழைதான் கீழே இறங்கி நீர்மட்டத்தைத் தூக்கும். ஆகவே ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தொடக்கம், இந்த மூன்றுக்குள் போங்கள். இந்தப் பாறையில் விரிசல் அதிகம் என்பதால் நீர்மட்டம் சுறுசுறுப்பாக ஏறி இறங்கும். நல்ல ஈரமான குளிர்காலத்தில் இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து மழை பெய்த பிறகு வரும் முதல் தெளிந்த சனிக்கிழமையைப் பிடியுங்கள். அரசின் வெள்ள எச்சரிக்கை இணையதளத்தில் ஆறுகளின் மட்டமும் சில இடங்களில் நிலத்தடி நீர்மட்டமும் போட்டிருப்பார்கள். கிளம்பும் முன் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். அப்படியும் மழை பொய்த்த குளிர்காலத்தில் கல்லடி காய்ந்தே இருக்கும். உத்தரவாதம் கிடையாது.

உத்தரவாதம் இல்லாத பயணத்தில் 5 வயதுப் பையனை மறுபடி அழவிடாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. கல்லைத் தேடிப் போகாதீர்கள், தண்ணீரைத் தேடிப் போங்கள். கெம்பிள் ஸ்டேஷனில் இறங்கியதும் நேராகக் கல்லுக்கு நடக்காமல், முதலில் கொஞ்சம் கீழ்ப்பக்கம் யூவன் ஊர்ப் பக்கமாகப் போய் ஆறு ஓடுகிற இடத்தைப் பிடியுங்கள். அங்கிருந்து ஆற்றின் ஓட்டத்துக்கு எதிராக மேலே நடந்து வாருங்கள். கெம்பிளுக்கு வடக்கே ஏ429 சாலைப் பாலம் வரும். அதற்கு மேலே வயல்களுக்கு நடுவே லிட் வெல் என்ற ஊற்று இருக்கிறது. கல்லைவிடத் தாழ்வான இடத்தில் இருப்பதால் கல்லடி காய்ந்திருக்கும்போதும் இங்கே பல சமயம் தண்ணீர் இருக்கும். அதையும் தாண்டினால் ஏ433. ரோமானியர் போட்ட ஃபாஸ் வே என்ற நேர் கோட்டுச் சாலை அது, வண்டிகள் பறக்கும். நாயைக் குட்டைக் கயிற்றிலும் பையனைக் கையிலும் பிடித்துக் கடந்தால், அப்புறம் ஒரு புல்வெளி, ஒரு வேலிக் கதவு, கல். ஸ்டேஷனிலிருந்து கல்லுக்கு நேர் வழி என்றால் இரண்டரை மூன்று கிலோமீட்டர்தான். யூவன் சுற்றையும் சேர்த்துப் போய்வர எட்டு கிலோமீட்டரை ஒட்டி வரும். 5 வயதுக்கு அது அதிகம் என்று தோன்றினால் பாலத்திலிருந்தே தொடங்குங்கள்.

இப்படி நடந்தால் விளையாட்டே மாறிவிடும். வழியெல்லாம் ஆறு சிறுத்துக்கொண்டே வரும். பெரியவர்கள் தாண்டலாம், அப்புறம் பெண் தாண்டலாம், அப்புறம் பையனே இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கலாம், கடைசியில் ஈரப்புல். தண்ணீர் எங்கே தீர்கிறதோ அதுதான் அன்றைய தேம்ஸின் பிறப்பிடம். கல் இன்னும் ஒரு மைல் மேலே இருந்தாலும் ஏமாற்றம் இருக்காது, ஏனென்றால் கண்டுபிடித்தது உங்கள் பையன். நாங்கள் ஒரு பிப்ரவரியில் போனபோது என் மகள்தான் முன்னால் நடந்தாள். கல்லுக்குக் கொஞ்சம் கீழே புல் காய்ந்த மாதிரிதான் தெரிந்தது. மணி உள்ளே கால் வைத்ததும் சளக் என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் புல்லின் நடுவே கணுக்கால் ஆழத்துக்குக் கண்ணாடி மாதிரி தண்ணீர், அடியில் மண்ணைத் தள்ளிக்கொண்டு மெல்ல ஊறிக்கொண்டிருந்தது. பீறிட்டுப் பாயும் ஊற்றை எதிர்பார்க்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நிறைந்த நாளில்கூட அந்த வயல் கசியும், அவ்வளவுதான். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் எல்லோருக்கும் வேண்டும். ஜனவரியில் நாலரை மணிக்குள் இருட்டத் தொடங்கிவிடும், காலை ரயிலிலேயே கிளம்புங்கள்.

நாய்க்கு வருகிறேன். ரயிலில் ஒரு பயணிக்கு இரண்டு நாய் வரை இலவசம், நீங்களே கூட்டிப் போனீர்கள். வயலில் என்ன சட்டம் என்பதில்தான் பலருக்குக் குழப்பம். தேம்ஸ் பாதை இந்தப் பகுதியில் தனியார் விவசாய நிலத்தின் ஊடே போகும் பொது நடைபாதை. நடைபாதையில் எப்போதும் கயிறு போட்டே ஆகவேண்டும் என்று பொதுச் சட்டம் இல்லை. நாய் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும். ஆனால் செம்மறி ஆடுகள் இருக்கும் வயலில் நாய் கயிறின்றி, நெருங்கிய கட்டுப்பாடும் இன்றித் திரிவதே 1953-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கடிக்கவேண்டும் என்றில்லை, துரத்தவேண்டும் என்றுகூட இல்லை. சில நிலைமைகளில் விவசாயி அந்த நாயைச் சுட்டாலும் சட்டம் அவர் பக்கம் நிற்கலாம். இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், தண்ணீர் நன்றாக இருக்கும் அதே மாதங்களில்தான் ஆடுகள் சினையாக இருக்கும். சினையாட்டை விளையாட்டுக்குத் துரத்தினாலே கரு கலைந்துவிடக்கூடும். ஒரு வயது ஆகாத ஸ்பேனியல் பறவை பறந்தால் கூப்பிட்ட குரலுக்குத் திரும்புமா? என் அனுபவத்தில் திரும்பாது. அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: அவிழ்க்க வேண்டாம். ஐந்து மீட்டர் நீளக் கயிறு வாங்கிக்கொள்ளுங்கள், வயலில் ஆடு மாடு கண்ணில் பட்டால் சுருட்டிக் குட்டையாக்கிக்கொள்ளுங்கள்.

மாடு துரத்தி வந்தால் மட்டும் விதி தலைகீழ். ஒரு மே மாதம், இதே பக்கத்தில் வேறொரு வயலில், இளங்காளைகள் பத்துப் பன்னிரண்டு எங்களை நோக்கி ஓடி வந்தன. ஊரில் மாட்டோடு வளர்ந்தவன் என்ற மிதப்பில் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாடுகளுக்கு என் மேல் எந்தக் கோபமும் இல்லை, அவை குறிவைத்தது எங்கள் நாய் மணியை. அவன் என் காலைச் சுற்றிச் சுற்றி ஓட, மாடுகள் எங்களைச் சுற்ற ஆரம்பித்தன. "விடுங்க, கயித்த விடுங்க!" என்று மனைவி கத்திய பிறகுதான் புத்தி வந்தது. விட்டதும் மணி ஒரே ஓட்டமாகக் கதவடிக்குப் போய்விட்டான், மாடுகள் அவன் பின்னால் போய் நின்றுவிட்டன, நாங்கள் வேலியோரமாக நழுவினோம். இங்கிலாந்தின் அதிகாரபூர்வ நாட்டுப்புற நடத்தை விதிகளும் இதையேதான் சொல்கின்றன: மாடு துரத்தினால் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், விட்டுவிடுங்கள். நாய் தப்பித்துக்கொள்ளும். கன்றோடு நிற்கும் பசுக்களைப் பார்த்தால் அந்த வயலுக்குள் போகாமல் சுற்றிப் போவதே நல்லது. குளிர்காலத்தில் மாடுகளைப் பெரும்பாலும் கொட்டகையில் கட்டியிருப்பார்கள், அது உங்களுக்குச் சாதகம். நாய் மலத்தைப் பையில் எடுக்கச் சொல்வதும் வெறும் நாகரிகத்துக்காக இல்லை. நாய் மலத்தின் வழியாகப் பரவும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி, மேய்ச்சல் புல்லில் கலந்தால் பசுக்களுக்குக் கன்று வீச்சு வரும். எடுத்த பையை வேலியில் தொங்கவிடாமல் கையோடு கொண்டுவாருங்கள்.

தண்ணீரில் இறங்க விடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஸ்பேனியல் உங்களைக் கேட்கப்போவதும் இல்லை. இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. தெள்ளுப்பூச்சிக்காக நாயின் பிடரியில் விடும் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிக்கொல்லிகள் இருக்கின்றன. வயலில் பயன்படுத்தக்கூடாது என்று நிறுத்தப்பட்ட மருந்துகள் இவை. இங்கிலாந்தின் 20 ஆறுகளில் எடுத்த நீர் மாதிரிகளை ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். 98 சதவீத மாதிரிகளில் ஃபிப்ரோனில் இருந்தது. செல்லப்பிராணிகள் அதற்கு முக்கியமான மூலம் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரிய தயக்கம் இல்லை. அதில் நேரடியாக ஆற்றில் குளிக்கும் நாயின் பங்கு எவ்வளவு, வீட்டில் குளிப்பாட்டிச் சாக்கடை வழியாகப் போவது எவ்வளவு என்பது வேறு கணக்கு. கணுக்கால் ஆழத் தண்ணீரில், பூச்சிகளும் நத்தைகளும் வாழும் ஊற்றுத் தலையில், சொட்டு மருந்து போட்ட நாய் புரண்டால் நீர்த்துப்போக அங்கே ஆறே இல்லை. மருந்து போட்டிருந்தால் அந்தப் பயணத்தில் மேலே கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். சொட்டுக்குப் பதில் வேறு வழி உண்டா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

நாய்க்கு வரக்கூடிய ஆபத்துகளில் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்கிறேன். உண்ணி உறுதி, உயரமான புல்லில் ஏறும், லைம் நோயைப் பரப்பும், குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான். வீட்டுக்கு வந்ததும் காது மடல், கக்கம், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். ஊரில் செய்வது போல எண்ணெய் விடுவதோ நெருப்புக்குச்சி காட்டுவதோ வேண்டாம். உண்ணி எடுக்கும் சின்னக் கொக்கி மருந்துக்கடையில் கிடைக்கும், தோலோடு ஒட்டி நுழைத்துத் திருகி எடுக்கவேண்டும். நீலப்பச்சைப் பாசியும் உறுதி, நாயைக் கொன்றுவிடக்கூடியது. ஆனால் அது வெயில் காலத்தில் தேங்கிய நீரில் வருவது. கோடையில் கீழே ஆஷ்டன் கெய்ன்ஸ் பக்கம் ஏரிகளுக்கு இடையே நடந்தால் கவனியுங்கள், அவையெல்லாம் பழைய சரளைக் குழிகள். கனமழைக்குப் பிறகு கீழ்ப்பகுதியில் ஆற்றில் கழிவுநீர் கலப்பதும் உண்டு. நீர் நிறுவனங்கள் அதை உடனுக்குடன் வெளியிடவேண்டும் என்பது இப்போது சட்டம். சந்தேகமான பட்டியலில் வருவது அலபாமா ராட் என்கிற நோய். இங்கே 2012 முதல் கண்டறியப்பட்டு வருகிறது. காலில் புண், அப்புறம் சிறுநீரகம் செயலிழப்பு. மிக அரிது, ஆனால் குளிர்கால மாதங்களில் அதிகம், காரணம் இதுவரை நிறுவப்படவில்லை. சேற்றில் நடந்த நாயைக் கழுவித் துடைக்கச் சொல்கிறார்கள். அது தடுக்கும் என்று நிரூபணம் இல்லை, கழுவுவதால் கெடுவதும் ஒன்றுமில்லை. நான் கழுவுகிறேன்.

கடைசியாகக் கட்டுச்சோறு. நம் வீடுகளில் பயணம் என்றால் புளியோதரை, இனிப்புக்குக் கேசரி. கேசரியில் இருக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், இது உறுதி. எத்தனை தின்றால் என்ற கணக்கு நாய்க்கு நாய் மாறும், ஆகவே ஒன்றுகூட வேண்டாம். திராட்சையில் எது விஷம் என்பது நீண்ட காலம் புரியாமல் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் நச்சியல் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் டார்டாரிக் அமிலம்தான் என்று சந்தேகித்தார்கள். அந்த அமிலம் புளியிலும் நிறைய இருக்கிறது, புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி பாதிப்பு வந்த நிகழ்வுகளை அவர்கள் காட்டினார்கள். முடிந்த முடிவு என்று சொல்லமாட்டேன், ஆனால் குழந்தைகள் மிச்சம் வைக்கும் புளிசாதத்தை நாய்த் தட்டில் தட்டும் பழக்கத்தை எங்கள் வீட்டில் அன்றோடு நிறுத்திவிட்டோம். வெங்காயம் போட்ட எதுவும் ஆகாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். நாய்க்கு வெறும் சோறும் வேகவைத்த கோழியும் தனி டப்பாவில் எடுத்துப் போங்கள்.

நாங்கள் அந்தப் பகுதியின் வரைபடம் ஒன்றை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறை போகும்போதும் தண்ணீர் தொடங்கிய இடத்தில் மகள் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுவாள். ஏழு கோடுகள் ஆகிவிட்டன. அவற்றில் ஒன்று கல்லை ஒட்டி, இரண்டு லிட் வெல் பக்கம், ஒன்று பாலத்துக்கும் கீழே. நீங்கள் ஆகஸ்டில் போனதையும் வீணாக்காமல் முதல் கோடாகப் போட்டுக்கொள்ளலாம். அன்று அந்த ஏ429 பாலத்தடியில் தண்ணீர் இருந்ததா என்று உங்களுக்கு ஞாபகம் இல்லாவிட்டால் பெண்ணைக் கேளுங்கள், 8 வயதுக்காரிக்கு ஞாபகம் இருக்கும்.